லாரி சீட் ஹீட்டரும் வெளி ஸ்விட்சும்: ஒரு வயரிங் பாடம்



மார்கழியில்கூட ஃபேன் ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு சீட் ஹீட்டரைப் பற்றிக் கட்டுரையா என்று சிலர் சிரிக்கலாம். நியாயம்தான். கிண்டி தொழிற்பேட்டையில் மத்தியானம் இரண்டு மணிக்கு நிற்கிற லாரியில் ஏறிப் பாருங்கள். ஹீட்டர் போடாமலே சீட் சுடும்! ஆனால் அந்த லாரி எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், கரூர், மதுரை வழியாகக் கன்னியாகுமரி போகிற நம் தேசிய நெடுஞ்சாலை 44-இன் மறுமுனை ஸ்ரீநகர். அங்கிருந்து லே போகிற வழியில் இருக்கும் திராஸில், ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 டிகிரி வரை இறங்குவது சகஜம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரிகள் போகாத மாநிலம் கிடையாது. நம் ஊரில் லுங்கி கட்டி வண்டி ஓட்டுகிற டிரைவர் அண்ணன், அங்கே போனதும் முதுகு விறைத்துப் போய் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். சீட்டுக்கு அடியில் கொஞ்சம் சூடு வேண்டும் என்று அவர் கேட்பதைச் சொகுசு என்று சொல்ல முடியாது.

சீட் ஹீட்டர் ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் காடிலாக் கார்களில் 1966 மாடலிலேயே கூடுதல் விலைக்குக் கிடைத்தது. ஸ்வீடனின் சாப் கம்பெனி 1971-இல் டிரைவர் சீட்டுக்கு இதை வண்டியோடு சேர்த்தே கொடுத்தது. நம் நாட்டில் லாரி டிரைவரின் வசதியைப் பற்றி யோசிக்கத் தாமதமாகிவிட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்தது. அதற்கு முன் தயாரான லாரிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் ஃபேன், ஹீட்டர், கூடுதல் விளக்கு எல்லாமே வெளியில் வாங்கி மாட்டுவதுதான். அதை மாட்டப் போவது யார்? நாளைக்கு டிப்ளமோ முடித்து வெளியே போகிற நம்மில் சிலர்தான்.

எனவே சீட் ஹீட்டரை ஓர் உதாரணமாக வைத்துக்கொண்டு, வண்டியில் கூடுதலாக ஒரு மின் சாதனத்தைச் சேர்த்து, அதற்கு வெளியில் வாங்கிய ஸ்விட்ச் போடுவது எப்படி என்று பார்ப்போம். ஃபாக் லாம்ப், ஏர் ஹாரன், கேபின் ஃபேன் எதற்கும் இதே பாடம்தான்.

முழுக் கட்டுரைக்கும் சாரம் இது: ஸ்விட்ச் கட்டளை மட்டும் கொடுக்க வேண்டும், கரண்டை ரிலே சுமக்க வேண்டும், வயரை ஃப்யூஸ் காக்க வேண்டும். ஒருவர் வேலையை இன்னொருவர் தலையில் கட்டினால் வண்டி எரியும்.

1. உள்ளே என்ன இருக்கிறது?

சீட் கவருக்கும் ஃபோமுக்கும் நடுவே ஒரு மெல்லிய பாய். அதில் ரெசிஸ்டன்ஸ் கம்பி வளைந்து வளைந்து ஓடும், அல்லது கார்பன் ஃபைபர் இழை இருக்கும். உட்காரும் இடத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என இரண்டு பாய்கள். நம் வீட்டு அயர்ன் பாக்ஸின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் சூடாகும், அவ்வளவுதான்.

முதலாம் ஆண்டில் படித்ததை இங்கே நினைவுபடுத்திக்கொள்வோம். பவர் என்பது வோல்ட்டேஜின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால் வகுத்தால் வருவது. "வர்க்கம்" என்ற வார்த்தையை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள்.

2. 12-ஆ? 24-ஆ?

கார், வேன், சிறிய சரக்கு வண்டிகளில் 12 வோல்ட். கனரக லாரி, பஸ்களில் பெரும்பாலும் 24 வோல்ட். அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் சீரீஸில் இருக்கும். கடையில் கிடைக்கிற சீட் ஹீட்டர் கிட்களில் அதிகம் இருப்பது காருக்கான 12 வோல்ட். "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, மாட்டுங்க" என்பார் கடைக்காரர். மாட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

12 வோல்ட்டில் 48 வாட் எடுக்கிற பாய். கரண்ட் 4 ஆம்பியர், ரெசிஸ்டன்ஸ் 3 ஓம். இதையே 24 வோல்ட்டில் கொடுத்தால் கரண்ட் 8 ஆம்பியர், பவர் 192 வாட். வோல்ட்டேஜ் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு! என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் தரும். அப்போது 261 வாட். 48 வாட்டுக்குச் செய்த பாயில் இவ்வளவும் போனால் ஃபோம் கருகும், பிறகு பற்றும்.

இதற்குச் சிலர் சொல்கிற குறுக்கு வழிகள் இரண்டு.

அ) "இரண்டு பேட்டரியில் ஒன்றில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக்கலாம்." கூடாது. சார்ஜ் ஆவது இரண்டும் சேர்ந்து, செலவாவது ஒன்று மட்டும். ஒரு பேட்டரி எப்போதும் குறைசார்ஜில் கிடக்கும். இன்னொன்று ஓவர்சார்ஜ் ஆகும். கொஞ்ச காலத்தில் இரண்டும் போய்விடும்.

ஆ) "இரண்டு 12 வோல்ட் பாயை சீரீஸில் போடலாம்." இரண்டும் ஒரே ரெசிஸ்டன்ஸ் என்றால் கணக்கு சரிதான். ஆனால் உட்காரும் பாயும் முதுகுப் பாயும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று 3 ஓம், இன்னொன்று 2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 வோல்ட்டில் முதலாவதற்கு 14.4 வோல்ட் போகும். 48 வாட் பாய் 69 வாட் எடுக்கும். ஒரு பாயில் ஷார்ட் ஆனால் மற்றதற்கு முழு 24 வோல்ட்டும் போகும்.

சரியான வழி: 24 வோல்ட்டுக்கே செய்த பாயை வாங்குவது. அது கிடைக்காவிட்டால் 24-இல் இருந்து 12 ஆகக் குறைக்கும் கன்வர்ட்டரை, அதன் ஆம்பியர் அளவு பார்த்துப் போடுவது. எதுவானாலும் வேலை தொடங்கும் முன் பேட்டரியில் மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். வண்டி உயரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

3. பழைய வண்டியின் சீட் கிடைத்தால்

புதுப்பேட்டையில் சொகுசுக் காரின் சீட் கிடைக்கிறது, உள்ளேயே ஹீட்டர் இருக்கிறது, ஸ்விட்ச் மட்டும் இல்லை. இதைப் பயன்படுத்தலாமா? சீட்டுக்கு அடியில் வருகிற கனெக்டரைப் பாருங்கள்.

மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். அது பக்கவாட்டு ஏர்பேக்குக்குப் போவது. மல்டிமீட்டர் வைத்து அளந்தால், மீட்டரின் சிறிய கரண்ட்டே அதை வெடிக்க வைக்கக்கூடும். அத்தகைய சீட்டை விட்டுவிடுவதே நல்லது.

மற்றவற்றில், தடித்த வயர் ஜோடியை அளந்தால் சில ஓம்கள் காட்டும். அதுதான் ஹீட்டர். மெல்லிய வயர் ஜோடியில் ஆயிரக்கணக்கான ஓம்கள் காட்டி, சீட்டின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்ததும் மதிப்பு மெதுவாகக் குறைந்தால், அது தெர்மிஸ்டர். சீட் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்வது அதன் வேலை. அந்த யூனிட் பழைய வண்டியோடு போய்விட்டது. இப்போது தடித்த ஜோடிக்கு நேராகச் சப்ளை கொடுத்து ஒரு ஸ்விட்ச் போட்டால், சூடு ஏறிக்கொண்டே இருக்கும். நிறுத்த ஆள் இல்லை. சில சீட்களில் பாயிலேயே பைமெட்டல் தெர்மோஸ்டாட் இருக்கும். சூடானதும் தானே கட் ஆகும், ஆறினதும் சேரும். அது இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் சப்ளை கொடுக்கக் கூடாது. இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டோடு வருகிற புதுப் பாயைப் போடுங்கள்.

"கொஞ்சம் சூடு கூடினா என்ன, குளிர்ல நல்லாத்தானே இருக்கும்?" என்று கேட்கலாம். தோல் 44 டிகிரி செல்சியஸில் சுமார் 6 மணி நேரம் தொடர்ந்து இருந்தால் தீக்காயம் படும் என்பது 1940-களிலேயே ஆராய்ந்து கண்ட உண்மை. தொட்டால் "இதமா இருக்கு" என்று தோன்றுகிற சூடுதான் அது. நீண்ட காலம் சர்க்கரை நோய் உள்ளவருக்கோ, முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கோ உணர்ச்சி மரத்திருந்தால் சுடுவதே தெரியாது. ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்குகிறவருக்கும் இதே கதிதான்.

4. ஸ்விட்சில் நேராகக் கொடுத்தால் என்ன?

நம் உதாரணத்துக்கு 24 வோல்ட் லாரி, 24 வோல்ட் பாய் இரண்டு, ஒவ்வொன்றும் 48 வாட், பேரலலில். ஒரு பாய்க்கு 2 ஆம்பியர், மொத்தம் 4 ஆம்பியர். என்ஜின் ஓடி 28 வோல்ட் வரும்போது 4.7 ஆம்பியர் வரை போகும்.

டேஷ்போர்டில் மாட்டுகிற சின்ன ராக்கர் ஸ்விட்சின் பின்னால் "10 ஆம்பியர் 250 வோல்ட் ஏ.சி." என்று எழுதியிருக்கும். அதை நம்பி "பத்து தாங்கும், அஞ்சுக்கு என்ன" என்று போடுகிறார்கள். ஏ.சி. கரண்ட் ஒரு செகண்டில் நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால், காண்டாக்ட் பிரியும்போது வரும் பொறி தானே அணைந்துவிடும். டி.சி.யில் அப்படி இல்லை. பொறி நீண்டு நின்று காண்டாக்டைத் தின்னும். காண்டாக்ட் கெட்டால் ரெசிஸ்டன்ஸ் கூடும், ஸ்விட்ச் சூடாகும், பிளாஸ்டிக் இளகும். டி.சி. ரேட்டிங் தனியாக எழுதியிருந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ரிலே போட்டால் இந்தத் தொல்லை இல்லை. 24 வோல்ட் ரிலேயின் காயிலுக்கு 0.1 ஆம்பியர்கூடத் தேவைப்படாது. ஸ்விட்ச் அதை மட்டும் சுமந்தால் போதும். டேஷ்போர்டு வரை தடித்த வயர் இழுக்கவும் வேண்டாம்.

5. இணைப்பு: நோட்டில் வரைந்து பாருங்கள்

சாதாரண நான்கு பின் ரிலேயில் 30, 87, 85, 86 என்று எண்கள் இருக்கும்.

பவர் பக்கம்: பேட்டரி பாசிட்டிவ் – உடனே ஃப்யூஸ் – ரிலே 30. ரிலே 87 – இரண்டு பாய்களின் ஒரு முனை. பாய்களின் மறுமுனை – எர்த்.

கட்டளைப் பக்கம்: சாவி ஆன் செய்தால் மட்டும் வருகிற சப்ளை – சிறிய ஃப்யூஸ் – ஸ்விட்ச் – ரிலே 86. ரிலே 85 – எர்த்.

ஸ்விட்சில் விளக்கு இருந்தால் மூன்று பின் இருக்கும்: சப்ளை, லோடு, விளக்குக்கான எர்த். எது எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மீட்டரில் கன்டினியூட்டி பார்த்த பிறகே இணைக்கவும். 12 வோல்ட் ஸ்விட்சை 24-இல் போட்டால் உள்ளே இருக்கும் விளக்கு போய்விடும். ரிலேயும் 24 வோல்ட்தானா என்று பார்க்கவும். உள்ளே டையோடு வைத்த ரிலே என்றால் 85, 86 மாறக் கூடாது. எது பாசிட்டிவ் என்று அதன் மேலேயே போட்டிருக்கும்.

லோ, ஹை இரண்டும் வேண்டும் என்றால்? ஒரே மாதிரியான இரண்டு பாய்களையும் பேரலலில் வைத்தால் ஹை, சீரீஸில் வைத்தால் லோ. நம் பாய் ஒன்றுக்கு 12 ஓம். பேரலலில் 6 ஓம், 96 வாட். சீரீஸில் 24 ஓம், 24 வாட். சரியாகக் கால் பங்கு. பழைய சீட் ஹீட்டர்களில் இந்தத் தந்திரம்தான் இருந்தது. இப்போது வருகிற கிட்களில் மின்னணு கன்ட்ரோலர் துண்டு துண்டாகச் சப்ளை கொடுத்து இதைச் செய்கிறது.

6. சாவியோடு ஏன் சேர்க்க வேண்டும்?

"நைட்ல வண்டியை நிறுத்திட்டுத் தூங்கும்போதுதான் சார் குளிருது, நேரா பேட்டரியில கொடுங்க" என்று டிரைவர் கேட்பார். அவர் கேட்பது புரிகிறது. ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? இரண்டு 120 ஆம்பியர்-அவர் பேட்டரிகள் சீரீஸில் இருந்தால் வோல்ட்டேஜ்தான் 24 ஆகும். ஆம்பியர்-அவர் 120-தான், 240 அல்ல. 4 ஆம்பியர் வீதம் 8 மணி நேரத்துக்கு 32 ஆம்பியர்-அவர் போய்விடும். கடும் குளிரில் பேட்டரியின் திறனே வெகுவாகக் குறைந்திருக்கும். என்ஜின் ஆயிலும் கெட்டியாகி ஸ்டார்ட்டருக்கு அதிக கரண்ட் கேட்கும். காலையில் வண்டி எழுந்திருக்காது. ஆள் அரவமற்ற மலைப்பாதையில் வண்டி கிளம்பாமல் நிற்பது உயிருக்கே ஆபத்து. சாவியை எடுத்தால் ஹீட்டரும் நிற்க வேண்டும். தூங்கும்போது நல்ல கம்பளிதான் துணை.

7. வயரும் ஃப்யூஸும்

ஃப்யூஸ் சாதனத்தைக் காப்பதற்கு என்று பலர் நினைக்கிறோம். இங்கே அதன் முதல் வேலை வயரைக் காப்பது. ஆகவே அது இருக்க வேண்டிய இடம் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு ஜாண் தூரத்துக்குள். சீட்டுக்கு அடியில் ஃப்யூஸ் போட்டால், பேட்டரியில் இருந்து சீட் வரை வருகிற வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. அது வழியில் எங்காவது சேஸிஸில் உரசி ஷார்ட் ஆனால், லாரி பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். வயர் முழு நீளத்துக்கும் சிவந்து எரியும்.

நம் லோடு 4.7 ஆம்பியர் வரை போகும். 5 ஆம்பியர் ஃப்யூஸ் விளிம்பில் நின்று அடிக்கடி போகும். 7.5 ஆம்பியர் சரி. வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரம். பேட்டரிக்கும் சீட்டுக்கும் 5 மீட்டர், போய்வர 10 மீட்டர் என்றால், 4 ஆம்பியரில் வோல்ட்டேஜ் இழப்பு சுமார் அரை வோல்ட். 24-இல் 2 சதவீதம். இதே 96 வாட்டை 12 வோல்ட் வண்டியில் எடுத்தால் கரண்ட் 8 ஆம்பியர், இழப்பு ஒரு வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட, அதாவது 8 சதவீதம். அங்கே 2.5 சதுர மில்லிமீட்டர் போட வேண்டும்.

ஃப்யூஸ் போனால் 15 ஆம்பியர் போடுவதும், சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும், ஒரு இழை கம்பியை வைத்துக் கட்டுவதும் நாம் பார்த்திருக்கிறோம். ஃப்யூஸ் போவது ஒரு செய்தி. எங்கே ஷார்ட், எங்கே ஓவர்லோடு என்று தேடச் சொல்கிறது. அதன் வாயை அடைத்துவிட்டால் அடுத்த செய்தி புகையாகத்தான் வரும். சீட் ஃபோம் பாலியுரேத்தேன். பற்றினால் நச்சுப்புகை கேபினை நிமிடங்களில் நிரப்பிவிடும். பின்னால் பெர்த்தில் கிளீனர் தூங்கிக்கொண்டிருப்பார்.

8. வேலை செய்யும் முறை

• முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றவும். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டவும்.

• பாயைப் பொருத்தும் முன் ஓம் அளந்து எழுதி வைக்கவும். பொருத்திய பிறகு மறுபடி அளக்கவும். மாறியிருந்தால் எங்கோ மடிந்திருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது.

• சீட் மடியும் இடத்திலும், கவரை இழுத்துக் கட்டும் கம்பி மேலும் பாய் மடங்கக் கூடாது. மடிந்த இடம் தனியாகச் சுடும்.

• சீட் முன்னும் பின்னும் நகரும். சஸ்பென்ஷன் சீட் என்றால் மேலும் கீழும் ஆடும். வயருக்குத் தளர்வு விட்டு, ரெயிலில் சிக்காமல் கட்டவும்.

• தகட்டில் துளை வழியாக வயர் போனால் ரப்பர் குரோமெட் கட்டாயம். மற்ற இடத்தில் கண்ட்யூட் டியூப்.

• முறுக்கி டேப் சுற்றுகிற ஜாயின்ட் வேண்டாம். அதிர்வில் முறுக்கு தளரும், சூட்டில் டேப்பின் பசை இளகும். லக் வைத்து கிரிம்ப் செய்யவும். லக், ஸ்லீவ், ரிலே சாக்கெட், மீட்டர் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் அலைந்தால் கிடைத்துவிடும்.

• எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கவும்.

• 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பல விளக்கு வயர்களைக்கூடக் கன்ட்ரோல் யூனிட் கண்காணிக்கிறது. ஹெட்லைட் வயரையோ சென்சார் வயரையோ கீறிச் சப்ளை எடுக்காதீர்கள். ஃப்யூஸ் பாக்ஸில் கம்பெனி விட்டிருக்கும் உபரி இடத்தைப் பயன்படுத்துங்கள். வாரன்ட்டி உள்ள வண்டி என்றால் முதலில் கம்பெனி சர்வீஸில் கேட்கச் சொல்லுங்கள்.

• பெட்ரோல், சமையல் எரிவாயு டேங்கர்களில் இந்த வேலையே வேண்டாம். அவற்றின் மின் அமைப்புக்குத் தனி விதிகள் உண்டு.

• எல்லாம் முடிந்ததும் அரை மணி நேரம் ஓட விட்டு, கரண்டை அளந்து, ஃப்யூஸ் ஹோல்டர், ரிலே, ஜாயின்ட் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். பாய் மட்டும்தான் சூடாக வேண்டும். வேறு எது சுட்டாலும் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

9. வைவாவில் கேட்கக்கூடியவை

கேள்வி: 12 வோல்ட் பாயை 24 வோல்ட்டில் போட்டால் பவர் எத்தனை மடங்கு?
பதில்: நான்கு மடங்கு.

கேள்வி: ஃப்யூஸை எங்கே வைக்க வேண்டும், ஏன்?
பதில்: பேட்டரிக்கு அருகில். அதற்குப் பிறகு வருகிற முழு வயரையும் அது காக்க வேண்டும்.

கேள்வி: ரிலேயின் 86-க்குச் சப்ளை எங்கிருந்து?
பதில்: சாவி ஆன் நிலையில் மட்டும் வரும் லைனில் இருந்து.

கேள்வி: தெர்மோஸ்டாட் இல்லாத பாய்க்கு ஸ்விட்ச் மட்டும் போதுமா?
பதில்: போதாது. ஸ்விட்சை ஆஃப் செய்வது மனிதன், மனிதன் தூங்குவான்.

நண்பர்களே, ரிலே, சாக்கெட், ஃப்யூஸ் ஹோல்டர், நல்ல வயர் என்று இவ்வளவும் சேர்த்தாலும் பாயின் விலையைத் தாண்டாது. ஆனால் "அதெல்லாம் எதுக்குப்பா, ஸ்விட்ச்ல நேரா கொடுத்துடு, சீக்கிரம் வண்டி எடுக்கணும்" என்று ஓனர் அவசரப்படுத்துவார். அந்த இடத்தில் "முடியாது அண்ணே, ஒரு மணி நேரம் கொடுங்க" என்று சொல்லத்தான் நமக்கு மூன்று வருடம் பாடம் நடத்துகிறார்கள். வேலை முடிந்ததும் ஃப்யூஸ் ஹோல்டரில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுங்கள்: "சீட் ஹீட்டர், 7.5 ஆம்பியர் மட்டும்." ஆயிரம் மைலுக்கு அப்பால் ராத்திரியில் அதைத் திறக்கப் போகிற முகம் தெரியாத மெக்கானிக்குக்கு அந்த ஒரு வரி போதும்.